காசநோய் ஊசியும் சுண்டெலியின் பங்கசும்

மலையகத்தில் ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைக்கு, வீட்டுக்கு அனுப்பும் முன்பே பி.சி.ஜி. ஊசி போட்டுவிடுவார்கள். இடது கையின் மேற்பகுதியில், தோலுக்குள், 0.05 மில்லிலீற்றர். சில வாரங்களில் அந்த இடம் சிவந்து, கொப்புளித்து, உடைந்து ஆறும். தழும்பு ஆயுளுக்கும் நிற்கும். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்பவர்களின் கைகளைப் பார்த்தால் அந்த வட்டத் தழும்பு அநேகமாக எல்லாரிடமும் இருக்கும். காசநோய்க்கான ஊசி அது. முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளின் மூளையுறையைத் தாக்கும் கடுமையான காசநோயைத் தடுப்பதற்காகப் போடப்படுவது. அதே ஊசியைப் போட்ட சுண்டெலிகள், காசநோயோடு எந்த உறவும் இல்லாத ஒரு பங்கசுத் தொற்றையும் தாங்கிக்கொள்கின்றன என்பது ஆய்வுகூடங்களில் பல தடவை கண்ட விஷயம்.

இதைக் கேட்டால், மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணோடு மலைக்குப் போகிறவர்கள் ‘அப்போ எங்களுக்கு ஏன் வருகிறது? எங்களுக்கும்தானே ஊசி போட்டார்கள்?’ என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். பதில் சொல்ல, சுண்டெலிக்கு என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

பங்கசு மலையகத்துக்குப் புதிதில்லை. 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்து சேர்ந்த கொப்புள நோய் ஒரு பங்கசுதான். பனியும் தூறலும் சேர்ந்தால் இளங்கொழுந்தைப் பிடித்துவிடும். செம்பு கலந்த மருந்து அடிப்பது அதற்காகத்தான். மனிதரில் படர்தாமரை, தேமல், சேற்றுப்புண் என்று தோலோடு நிற்பவை ஒரு பக்கம். பால்குடிப் பிள்ளையின் நாக்கில் வெள்ளையாகப் படியும் கண்டிடா அல்பிகான்சு இன்னொரு பக்கம். அது ஒரு மதுவம். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. நாட்கணக்கில் அன்டிபயோட்டிக் எடுத்தவர், சீனி வருத்தம் கட்டுக்குள் இல்லாதவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய நாளத்துக்குள் குழாயோடு கிடப்பவர் ஆகியோரிடத்தில்தான் அது புத்தியைக் காட்டும். குருதிக்குள் இறங்கிவிட்டால் மருந்து கொடுத்தும் பலர் பிழைப்பதில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பங்கசுகளின் பட்டியலில் மிக அவசரமான நான்கில் இதுவும் ஒன்று. மனிதருக்குப் பங்கசுத் தடுப்பூசி என்று அனுமதி பெற்றது இன்றைக்கு வரைக்கும் ஒன்றுகூட இல்லை. வேறு நோய்க்காக ஏற்கெனவே கையில் இருக்கும் பற்றீரியாத் தடுப்பூசிகள் பங்கசுக்கும் உதவுமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

ஆய்வுகூடத்தில் நடப்பது இது. ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள சுண்டெலியின் வாலை இளஞ்சூட்டில் வைத்தால் பக்கத்து நாளம் புடைக்கும். அதற்குள் கண்டிடாக் கலங்களை, ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை, நேராக ஏற்றுவார்கள். அப்புறம் இரண்டு கணக்கு. ஒன்று, எத்தனை சுண்டெலி எத்தனையாம் நாள் சாகிறது. மற்றது, சிறுநீரகத்தை எடுத்து அரைத்து, அதை ஐதாக்கி அகர்த் தட்டில் பூசி, ஓரிரு நாளில் முளைக்கும் வெண்ணிறப் புள்ளிகளை எண்ணுவது. சிறுநீரகம் ஏனென்றால், சுண்டெலியில் கண்டிடா அங்கேதான் வேர் பிடிக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் முதல் நாளிலேயே பங்கசு அடக்கப்பட்டுவிடும்; சிறுநீரகத்துக்கு, கிருமியை விழுங்கும் நியூத்திரோபில் கலங்கள் வந்து சேரப் பிந்துகிறது. அந்தத் தாமதத்துக்குள் மதுவம் நூல் நூலாக நீண்டு திசுவைத் துளைத்துவிடும். இனத்துக்கு இனம் பெரிய வித்தியாசமும் உண்டு. சி5 என்ற குருதிப் புரதம் இல்லாமல் பிறக்கும் இனங்கள் மிகச் சிறிய அளவிலேயே செத்துவிடும். ஆகவே ‘சுண்டெலி தாங்கியது’ என்று ஒருவர் சொன்னால், எந்த இனம், எந்த வழி, எத்தனை கலம் என்று கேட்காமல் அந்த வசனத்தை நம்பக்கூடாது என்பது என் கட்சி.

பற்றீரியாவுக்குப் போட்ட ஊசி பங்கசை ஏன் அசைக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் படித்த நிர்ப்பீடனக் கணக்குப்படி இது நடக்கவே கூடாது. ஒரு கிருமிக்கு ஒரு பிறபொருளெதிரி, சாவிக்குப் பூட்டுப்போலப் பொருந்த வேண்டும் என்றுதானே படித்தோம். காசநோய்க் கிருமிக்காக உருவான பிறபொருளெதிரி கண்டிடாவைக் கண்டுகொள்ளாது. ஆனால் உடலில் அதைவிடப் பழைய காவல் ஒன்று இருக்கிறது. 1884இல் ரஷ்ய உயிரியலாளர் மெச்னிக்கோவ், நன்னீரில் வாழும் கண்ணாடி போன்ற தெள்ளுப்பூச்சிகளுக்குள் ஊசி வடிவ மதுவ வித்துகள் நுழைவதையும், பூச்சியின் கலங்கள் ஓடிவந்து அவற்றைச் சூழ்ந்து தின்பதையும் நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதினார். விழுங்கும் கலங்களைப் பற்றிய கொள்கைக்கு ஆரம்பத்தில் கிடைத்த பெரிய சான்றுகளில் ஒன்று ஒரு பங்கசுத் தொற்று என்பதைப் பாடப்புத்தகங்கள் ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை.

1960களில் மக்கனெஸ் என்ற ஆய்வாளர் அதை இன்னொரு படி கொண்டுபோனார். ஒரு பற்றீரியாத் தொற்றால் உசுப்பப்பட்ட சுண்டெலியின் பெருவிழுங்கிக் கலங்கள், வேறொரு பற்றீரியாவையும் அதே வேகத்தில் கொல்லும் என்று காட்டினார். உசுப்புவதற்குக் குறிப்பிட்ட கிருமி தேவை. உசுப்பிய பிறகு கலம் ஆள் பார்ப்பதில்லை. வெலிமடைப் பக்கம் கிழங்குத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிறவன் முள்ளம்பன்றி வந்தாலும் விரட்டத்தான் செய்வான். பங்கசுக் கதையும் இந்த வழியில்தான் தொடங்குகிறது.

பி.சி.ஜி.க்கு முன் குக்கல் ஊசியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் நன்றாகத் தெரிகிறது. பிள்ளைகளுக்கு இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடும் ஊசியில் குக்கல் பகுதி உண்டு. முன்பு முக்கூட்டு ஊசி என்றோம். இப்போது ஐந்து நோய்க்கும் ஒன்றாக வருகிறது. குக்கல் பற்றீரியாவை முழுதாகக் கொன்று அப்படியே சேர்த்திருக்கிறார்கள். இந்த முழுக்கலத் தடுப்பூசி சுண்டெலியில் கண்டிடாவுக்கெதிரான ஈட்டிய எதிர்ப்பைக் கூட்டுகிறது என்று 1968இலேயே ஓர் ஆய்வு வெளிவந்தது. கண்டிடாவைக் கொண்டே பயிற்றிய எதிர்ப்புக்கு இது மேலுரம் போட்டது என்றுதான் அதைப் படிக்க வேண்டும். தனியாகவே பங்கசைத் தடுத்தது என்று படிக்கக்கூடாது. பிற்காலத்தில் இந்த முடிவை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இடத்தில் வழுக்கிவிடுவதுண்டு.

இந்த ஊசிக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1948இல் கண்டது: குக்கல் தடுப்பூசி போட்ட சுண்டெலி, ஒவ்வாமையில் உடல் வெளிவிடும் ஹிஸ்ரமினை, சாதாரணமாக ஒன்றுமே செய்யாத அளவில் ஏற்றினாலே செத்துவிழுந்தது. அதே ஊசி நிணநீர்க்கலங்கள் என்ற வெள்ளைக் குருதிக் கலங்களைத் திசுவுக்குள் போகவிடாமல் குருதியிலேயே தேங்கவும் வைத்தது. இரண்டுக்கும் காரணம் குக்கல் நச்சு. கலங்கள் நகர்வதற்கான உள் சமிக்ஞையை அது அறுத்துவிடுகிறது. பங்கசு சிறுநீரகத்தில் முளைக்கும்போது விழுங்கும் கலங்கள் அங்கே ஓடிப்போக வேண்டும். ஓட விடாத பொருள் ஒன்றும், ஓடச் சொல்லி எழுப்பும் பொருள் ஒன்றும் ஒரே குப்பிக்குள் இருக்கின்றன. எது மேலோங்கும் என்பது அளவையும் நாளையும் பொறுத்தது. (பெற்றோர் பயப்படத் தேவையில்லை. சுண்டெலியின் இந்த ஹிஸ்ரமின் மரணம் பிள்ளைகளுக்கு நடப்பதில்லை. உற்பத்தியாகும் ஒவ்வொரு தொகுதியிலும் நச்சின் மிச்சத்தைச் சோதிப்பதற்கு இந்தச் சுண்டெலியின் பலவீனமே கருவியாகவும் பயன்பட்டது.)

எழுப்பும் பொருள் எது என்றால், பெரும்பாலும் அகநச்சு. குக்கல், குடற்காய்ச்சல், ஈ.கோலை போன்ற பற்றீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்பும் சீனியும் சேர்ந்த பொருள். இந்தச் சுவர்த் துண்டுகளைச் சுண்டெலிக்கு ஏற்றினால் என்ன நடக்கிறது என்று 1950களின் நடுவில் டெரிக் ரோவ்லி என்ற ஆய்வாளர் பார்த்தார். ஏற்றிய சில மணித்தியாலங்களுக்குள் கிருமியைக் கொடுத்தால் சுண்டெலி வழக்கத்தைவிட எளிதாகச் செத்தது. ஒன்றிரண்டு நாள் விட்டுக் கொடுத்தால் வழக்கத்தைவிட நன்றாகத் தாங்கியது. ஒரே பொருள், ஒரே அளவு. மாறியது நேரம் மட்டும். அவர் சோதித்தது பற்றீரியாவைத்தான். அகநச்சையும் பங்கசையும் சேர்த்து ஆராய்ந்தவர்களும் பிற்பாடு இதே நேரச் சிக்கலோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

அகநச்சைக் கலம் எப்படி உணர்கிறது என்பது தெரிய 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அகநச்சு எவ்வளவு கொடுத்தாலும் அசையாத ஒரு சுண்டெலி இனம் நீண்ட காலமாகக் கையில் இருந்தது. அதன் குறை ரி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியின் (வெளிப்பொருளைப் பிடித்து உணரும் கலப் புரதம்) மரபணுவில் என்று புரூஸ் பொய்ட்லரின் குழு கண்டுபிடித்தது. 2011இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இதற்குப் பெரிய பங்கு. பங்கசின் சுவரில் இருக்கும் பீற்றா குளுக்கான் என்ற சீனிச் சங்கிலியைப் பிடிக்கும் டெக்ரின்-1 என்ற ஏற்பி 2001இல் தெரியவந்தது. இரண்டு வாசல்கள் வேறு. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போனால், கலத்தின் உள்வேலைகளில் பல ஒன்றாகவே கலந்துவிடுகின்றன.

சரி, பி.சி.ஜி.க்கு வருவோம். கல்மெற்றும் கெரானும் 1908இலிருந்து மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரும் கிளிசரினும் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921இல் முதல் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அது உயிருள்ள கிருமி. குக்கல் ஊசியோடு ஒப்பிடும்போது இதுதான் பெரிய வித்தியாசம்: ஊசி ஏறிய பிறகும் அது உடலுக்குள் கொஞ்ச காலம் வாழ்கிறது, தொடர்ந்து காவலை எழுப்பியபடி.

2012இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மிஹாய் நெற்றியாவின் குழு செய்த சோதனை பழைய அவதானங்களுக்கெல்லாம் ஒரு அடித்தளம் போட்டது. கிருமிகளை நினைவு வைத்திருக்கும் நிணநீர்க்கலங்களான ரி கலமும் பி கலமும் அறவே இல்லாத சுண்டெலிகளை எடுத்தார்கள். அவற்றால் பிறபொருளெதிரி உருவாக்கவும் முடியாது, வழக்கமான நினைவு வைத்திருக்கவும் முடியாது. பி.சி.ஜி. போட்டு, பிறகு கண்டிடாவை ஏற்றினார்கள். ஊசி போட்டவை 100 வீதமும் பிழைத்தன. போடாதவற்றில் பிழைத்தது 30 வீதம். பாதுகாப்புக்கு ரி கலமும் பி கலமும் கட்டாயமில்லை, உடலின் பழைய உள்ளார்ந்த காவலே அதைத் தரமுடியும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

அதே ஆய்வில் நல்ல சுகத்தோடு இருந்த மனிதருக்கும் பி.சி.ஜி. போட்டார்கள். அவர்கள் யாருக்கும் பங்கசு கொடுக்கவில்லை. குருதி எடுத்து, மொனோசைட் என்ற விழுங்கும் கலங்களைப் பிரித்து, கிண்ணத்தில் கண்டிடாவோடு சேர்த்துப் பார்த்தார்கள். அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ஊசிக்கு முன்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வெளிவந்தன. அந்த வேகம் குறைந்தது மூன்று மாதம் நின்றது. மொனோசைட் குருதியில் வாழ்வதோ ஒன்றிரண்டு நாள், கூடினால் சில நாள். நேற்றுப் பிறந்த கலத்துக்கு மூன்று மாதத்துக்கு முந்திய ஊசி எப்படி ஞாபகம் இருக்கும்?

பதிலின் பாதி கலத்துக்குள்ளே. பி.சி.ஜி.யின் சுவர்த் துண்டை நொட்2 என்ற ஏற்பி பிடிக்கிறது. அதைத் தொடர்ந்து, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்ரோன் புரதங்களில் இரசாயன அடையாளங்கள் ஏறுகின்றன. அழற்சி மரபணுக்கள் அடுத்த தடவை சட்டெனத் திறக்கும்படி பாதி திறந்த நிலையில் நிற்கின்றன. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. மற்றப் பாதி என்புமச்சையில். பி.சி.ஜி. அங்கே போய்ச் சேர்ந்தால் கலங்களைப் பிறப்பிக்கும் மூலக்கலங்களையே மாற்றிவிடுகிறது என்று 2018இல் சுண்டெலியில் காட்டினார்கள். ஆனால் நாளத்துக்குள் ஏற்றிய சுண்டெலிகளில்தான் இது நடந்தது. தோலுக்குக் கீழே போட்டவற்றில் நடக்கவில்லை. இதற்கு ‘பயிற்றப்பட்ட நிர்ப்பீடனம்’ என்று பெயர். 2011இல் நெற்றியாவும் கூட்டாளிகளும் வைத்தது.

நம் ஊருக்குத் தேவையான ஒரு கிளைச் செய்தியும் உண்டு. இந்தப் பயிற்சி நடக்கக் கலம் தன் சக்தித் தேவையைச் சீனியை வேகமாக எரிக்கும் வழிக்கு மாற்ற வேண்டும். சீனி வருத்தத்துக்கு எல்லாரும் விழுங்கும் மெற்போமின் மாத்திரை அந்த மாற்றத்தைத் தடுக்கக்கூடியது. 2014இல் வந்த ஆய்வொன்றில், பங்கசால் தூண்டப்பட்ட உள்ளார்ந்த எதிர்ப்பை அது மட்டுப்படுத்தியது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர் தன் காலில் தானே கோடரி போடுகிறார். கட்டுப்படாத சீனியைப்போலக் கண்டிடாவுக்கு வாய்ப்பான இடம் வேறில்லை.

இனிச் சேற்றுப்புண்காரரின் கேள்வி. சுண்டெலிச் சோதனைகளில் பங்கசு குருதிக்குள் இருந்தது. விழுங்கும் கலங்கள் குருதியிலும் திசுவிலும் சுற்றுவதால் அங்கே அவை எழும்பியிருப்பது உயிர்காக்கும். சேற்றுப்புண்ணையும் படர்தாமரையையும் உண்டாக்கும் பங்கசுகள் தோலின் மேலே இறந்துபோன கெரற்றின் படையைத் தின்று வாழ்பவை. அங்கே குருதி ஓடுவதில்லை. என்புமச்சை எத்தனை திறமான கலத்தை அனுப்பினாலும் அது அந்தப் படை வரை வந்து வேலை செய்வது அரிது. நாள் முழுக்க ஈரச் சப்பாத்துக்குள் ஊறும் காலுக்கு, காய்ந்த துணியால் விரல் இடுக்கைத் துடைப்பதும், டிஸ்பென்சரியில் தரும் களிம்பைப் புண் மறைந்த பிறகும் சொன்ன நாள் வரைக்கும் பூசுவதும்தான் வழி. கடையில் கிடைக்கும் ஸ்டெரொயிட் கலந்த களிம்பு அரிப்பை உடனே அடக்கும், பங்கசை உள்ளுக்குள் பரவவிடும். அது இங்கே பி.சி.ஜி.யைவிடப் பெரிய பேச்சுப்பொருளாக இருக்க வேண்டியது.

அளவும் ஒத்துவராது. பிறந்த பிள்ளைக்குப் போடும் 0.05 மில்லிலீற்றரில் உயிருள்ள பற்றீரியா ஒரு லட்சத்திலிருந்து நான்கு லட்சம் வரை இருக்கும். சுண்டெலிக்கு வழக்கமாகப் பத்து லட்சம் அளவில் கொடுக்கிறார்கள். பிள்ளை மூன்று கிலோ, சுண்டெலி இருபது கிராம். எடைக்கு எடை பார்த்தால் நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். போதாததற்கு, பி.சி.ஜி. என்று நாம் சொல்வது ஒன்றே ஒன்றும் இல்லை. டென்மார்க், ஜப்பான், ரஷ்யா என்று வெவ்வேறு ஆய்வுகூடங்களில் பத்தாண்டுக்கணக்கில் வளர்ந்து பிரிந்த வகைகள். மேற்கு ஆபிரிக்காவின் கினி-பிசாவுவில் எடை குறைந்து பிறந்த பிள்ளைகளின் ஆரம்ப மரணங்களை டென்மார்க் வகை குறைத்தது. புதுச்சேரியிலும் சென்னையிலும் இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ரஷ்ய வகை போட்டபோது அப்படி எதுவும் தெரியவில்லை. கோவிட் காலத்தில் ஏறத்தாழ 4000 சுகாதார ஊழியர்களிடம் செய்த பெரிய ஆய்வும் 2023இல் கைவிரித்துவிட்டது, பி.சி.ஜி. அந்த நோயைக் குறைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அந்த 100 வீதச் சுண்டெலிகள்தான். ரி கலமும் பி கலமும் இல்லாமல் பிறந்தவை அவை. அதே குறையோடு மனிதப் பிள்ளைகளும் பிறக்கிறார்கள், அரிதாக. அந்தப் பிள்ளைக்கு பி.சி.ஜி. போட்டால் வீரியம் குறைந்த அந்தக் கிருமியே உடலெங்கும் பரவிக் கொல்லக்கூடும். அதனால்தான் வீட்டில் முன்பு நிர்ப்பீடனக் குறையால் ஒரு பிள்ளை இறந்திருந்தால் ஊசிக்கு முன் தாதியிடம் சொல்லிவிட வேண்டும். சுண்டெலிச் சோதனை கொஞ்ச நாளில் முடிந்துவிடும். கண்டிடாவைத் தாண்டியதா என்பதே அங்கே கேள்வி. பிள்ளையோ அதற்குப் பிறகும் வாழ வேண்டும்.

உயிருள்ள கிருமி ஆபத்து என்றால், எழுப்பும் பகுதியை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா? 2023இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகக் குழு அதைத்தான் செய்தது. தடுப்பூசியில் எந்தக் கிருமியின் புரதமும் இல்லை. மூன்று பொருள்: அலுமினியம் ஐதரொட்சைட்டு, நச்சு நீக்கிய பற்றீரியா அகநச்சு, பங்கசுச் சுவரில் இருக்கும் மன்னான் என்ற சீனிச் சங்கிலி. முதல் இரண்டும் ஏற்கெனவே மனிதத் தடுப்பூசிகளில் இருப்பவை. ஒரே ஒரு ஊசி, சுண்டெலிகளை ஆஸ்பத்திரிகளில் திரியும் கடினமான பற்றீரியாக்களிடமிருந்தும், கண்டிடாவிடமிருந்தும், கோவிட் நேரத்தில் ‘கறுப்புப் பங்கசு’ என்று நாம் கேள்விப்பட்ட நோயைத் தரும் ரைசோபஸ் வகையிடமிருந்தும் காத்தது. நிணநீர்க்கலம் இல்லாத சுண்டெலியிலும் பலித்தது. பெருவிழுங்கிகளை அகற்றிய சுண்டெலியில் பலிக்கவில்லை. பாதுகாப்பு ஒரு நாளுக்குள் தொடங்கி 28 நாள் வரை நின்றது.

28 நாள் என்பது பிள்ளைக்குப் போடும் தடுப்பூசிக்கு எதற்கும் உதவாத காலம். கண்டிக்கோ கொழும்புக்கோ பெரிய சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்துப் போகிற நோயாளிக்கு, ஆபத்தான காலம் முழுதையும் அது மூடிவிடக்கூடும். ஆனால் சுண்டெலிக்குத் தொற்று எந்த நாள் வரும் என்று ஆய்வாளருக்குத் தெரியும், அவரேதான் ஏற்றுகிறார். வாட்டில் கிடப்பவருக்கோ ஊசி போடும் நேரத்திலேயே பங்கசு குருதியில் இறங்கியிருக்கலாம். ரோவ்லி கண்ட அந்த முதல் சில மணித்தியாலங்களுக்குள் அவர் இருக்கிறாரா, அதைத் தாண்டிவிட்டாரா என்று ஊசி போடுகிற டொக்டருக்குச் சொல்ல நம்பகமான குருதிப் பரிசோதனை ஒன்று வேண்டும். கண்டிடாவைக் குருதியில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இன்னும் நாட்கள் எடுக்கின்றன; உண்மையில் தொற்று இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை அது தவறவிடுகிறது.